ஆக்ஸிஜன் சென்சார் கோட் வருகிறது, வண்டியும் நின்று நின்று போகிறது: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் கழற்றுவது

செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் ஆக்ஸிஜன் சென்சார் கோட் (பழுதைக் குறிக்கும் எண்) வருகிறது. சிக்னலில் நிறுத்தினால் என்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு வேலூரில் என் பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் சென்சார் ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருக்கும். பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

ஆக்ஸிஜன் சென்சார் சைலன்ஸர் குழாயில் உட்கார்ந்து, எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ஈசியூவுக்கு, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அது தவறாகச் சொன்னால் என்ஜின் ஓட்டம் கெடும். ஆனால் அது சரியாகத்தான் சொல்கிறது, என்ஜினில்தான் வேறு கோளாறு என்றால், எத்தனை சென்சார் மாற்றினாலும் அதே கோட்தான் வரும். இந்த இரண்டில் எது என்று பிரிப்பதற்குத்தான் கீழே உள்ள வரிசை.

இது பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களுக்கு, நான்கு வயர் கொண்ட சாதாரண சிர்கோனியா சென்சாருக்கு எழுதியது. ஐந்து வயர் இருந்தால் அது பெரும்பாலும் வைட்பேண்ட் வகை. கீழே வரும் வோல்ட் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஃப்யூல் டிரிம் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் திருத்தம்) பகுதி பொருந்தும். கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் எல்லாச் சோதனையையும் பெட்ரோலில் ஓடவிட்டுச் செய்யுங்கள்.

1. எப்போது நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்கேனரை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நிற்கிறதா, சூடான பிறகா? கிரீன் சர்க்கிளில் பிரேக் போட்டு நிற்கும்போதா, பெங்களூர் ஹைவேயில் 80-ல் போகும்போதா? ஏசி போட்டால் மட்டுமா? பெட்ரோல் போட்டு பங்க்கை விட்டுக் கிளம்பும்போதா? நின்ற உடனே செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறதா, அரை மணி நேரம் ஆறவிட வேண்டியிருக்கிறதா?

இதற்குக் காரணம் உண்டு. இந்த வகை சென்சார் ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை ஈசியூ அதைக் கேட்பதே இல்லை. தன்னிடம் உள்ள கணக்கை வைத்து பெட்ரோல் விடும். ஆகவே ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்துக்குள் வண்டி நின்றால் பழியை ஆக்ஸிஜன் சென்சார் மேல் போட வழியில்லை.

சூடான பிறகு ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மட்டும் நின்றால் காற்றுக் கசிவு, அழுக்குப் பிடித்த த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். ஓடும்போதே சட்டென்று அணைந்து, ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார் (என்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது) அல்லது பெட்ரோல் பம்ப். பங்க்கை விட்டு வந்ததும் திணறினால் பர்ஜ் வால்வு, அதாவது டேங்க் ஆவியை என்ஜினுக்குள் விடும் வால்வு. இந்தப் பதில்கள் இல்லாமல் பானெட்டைத் திறப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

ஓட்டுபவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். என்ஜின் அணைந்த பிறகு பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி மிச்சம் இருக்கும். ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து ஓரம் கட்ட வேண்டும். பழுது தீரும் வரை ஏலகிரி பக்கம் வண்டியை எடுத்துப் போக வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

லைவ் டேட்டா (என்ஜின் ஓடும்போதே சென்சார்கள் சொல்லும் எண்கள்) காட்டும் ஓபிடி ஸ்கேனர். போனோடு இணையும் சின்ன ப்ளூடூத் கருவியே போதும், ஆனால் கோட் மட்டும் படிக்கும் கருவி போதாது. டிஜிட்டல் மல்டிமீட்டர். கார்புரேட்டர் க்ளீனர் ஒரு டப்பா. 22 எம்எம் ஆக்ஸிஜன் சென்சார் சாக்கெட், அதாவது வயர் வெளியே வரப் பக்கவாட்டில் வெட்டு உள்ளது. குண்டூசி, டார்ச், தடித்த கையுறை. முடிந்தால் உங்கள் வண்டியின் வயரிங் படம்.

சென்சாரின் சிக்னல் வயரில் டெஸ்ட் லேம்ப் வைக்கக் கூடாது. அது ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக, மிகச் சிறிய கரண்டில் பேசும் வயர். பல்பு இழுக்கும் கரண்டை அந்த இணைப்பு தாங்காது.

திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். ஷட்டரைப் பாதி இறக்கிய கடையில் கால் மணி நேரம் ஐடிலிங் விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

3. கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

புதிதாக ஸ்கேனர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான்: கோடைப் பார்த்ததும் அழித்துவிடுவது. கோடோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கும். கோளாறு விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் மற்றது.

கோடின் பொருளை மெதுவாகப் படியுங்கள். பி0135 என்றால் முன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட். சென்சார் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஃப்யூஸ் போயிருந்தாலும் இதே கோட்தான். பி0133 என்றால் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது. இங்கே சென்சார் மேல் சந்தேகம் நியாயம். பி0131 சிக்னல் வோல்ட் குறைவு, பி0132 அதிகம். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பி0172 என்றால் பெட்ரோல் அதிகம். இந்தக் கடைசி இரண்டும் சென்சார் கொடுத்த தகவலே தவிர, சென்சார் பற்றிய புகார் அல்ல. பி0171 பார்த்துவிட்டு சென்சார் வாங்கப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எந்த சென்சார் என்பதிலும் குழப்பம் வரும். சாதாரண நான்கு சிலிண்டர் வண்டியில் பேங்க் (சிலிண்டர் வரிசை) ஒன்றுதான். சென்சார் 1 என்பது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) முன்னால் என்ஜின் பக்கம் இருப்பது. சென்சார் 2 அதற்குப் பின்னால். பெட்ரோல் அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது முன் சென்சார். பின் சென்சார் கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. வண்டி நிற்பதற்குப் பின் சென்சார் காரணமாவது அரிது.

4. கண்ணும் காதும் போதுமான சோதனைகள்

பேட்டரி டெர்மினல், என்ஜினில் இருந்து பாடிக்கு வரும் எர்த் வயர், இரண்டும் இறுக்கமாக, பச்சை பிடிக்காமல் இருக்க வேண்டும். எர்த் தளர்ந்தால் எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும்.

அடுத்தது எலி. இரவு நிறுத்திய சூடான என்ஜினுக்குள் எலி ஏறுவதும், சென்சார் வயரைக் கடிப்பதும் நம் ஊரில் வாராவாரம் பார்க்கிற விஷயம். சென்சாரில் இருந்து கப்ளர் (வயர்கள் இணையும் பிளக்) வரை வயரை விரலால் தடவிப் பாருங்கள். சைலன்ஸரில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களில் இருந்து புகை வெளியேறும் குழாய்) பக்கம் காது கொடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் கேஸ்கெட்டில் கசிவு. சென்சாருக்கு முன்னால் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் புகை வெளியே வருவதோடு, இடையிடையே வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். அந்தக் காற்றில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்கிறது. ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. கசிவை அடைக்காமல் மேலே போகாதீர்கள்.

ரப்பர் ஹோஸ்களை மேலிருந்து பார்த்தால் போதாது. வளைவின் அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு விழும். பிசிவி ஹோஸ் (என்ஜின் உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்கு எடுத்துப் போவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள மடிப்பு ஹோஸ், மூன்றையும் வளைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் நாள் முழுக்க நிற்கிற வண்டிகளில் ரப்பர் விறைத்துப்போய், வளைத்தால் மட்டும் வாய் பிளக்கும்.

5. லைவ் டேட்டா: இங்கே நிதானமாக உட்காருங்கள்

முழு வேலையிலும் மதிப்புள்ள இடம் இதுதான். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

முதலில் என்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் படியுங்கள். கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் அந்த சென்சாரின் வயர் அறுந்திருக்கிறது. ஈசியூ பனிமலையில் நிற்பதாக நினைத்து பெட்ரோலைக் கொட்டும். புகை கறுக்கும், ஆக்ஸிஜன் சென்சார் மேல் பழி விழும். மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளப்பது) இந்த நிலையில் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். வேலூரில் ஏறத்தாழ 98 கிலோபாஸ்கல். ஏலகிரி உச்சியில் இதே வண்டி 90-க்குக் கீழே காட்டும், அது கோளாறு அல்ல.

இப்போது ஸ்டார்ட் செய்து கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும் வரை விடுங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப். திரையில் ஃப்யூல் சிஸ்டம் நிலை ‘க்ளோஸ்டு லூப்’ என்று மாற வேண்டும். ஈசியூ சென்சாரைக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று அதற்குப் பொருள். இது மாறும் முன் எடுத்த எந்த எண்ணையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முன் சென்சார் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டும். நடுக்கோடு 0.45. ஆர்பிஎம்மை 2500-ல் பிடித்தால் ஏறி இறங்குவது இன்னும் வேகமாகும். பின் சென்சார் இதற்கு எதிர்மாறாக 0.6, 0.7 என்று கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால் நல்லது. முன்னது மாதிரியே பின்னதும் ஆடினால் கேள்வி கன்வெர்ட்டர் பற்றியது.

அடுத்து ஃப்யூல் டிரிம். ஷார்ட் டெர்ம் என்பது ஈசியூ இந்த நொடியில் கூட்டும் குறைக்கும் பெட்ரோல். லாங் டெர்ம் என்பது நாள்போக்கில் கற்றுக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. பிளஸ் என்றால் பெட்ரோல் கூட்டப்படுகிறது, மைனஸ் என்றால் குறைக்கப்படுகிறது.

பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலவையையும் நினைவில் வையுங்கள். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுசாக எரிய எடையில் காற்று 14.7 பங்கு, 10 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 14.1, 20 சதவீதத்துக்கு 13.5. 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த பழைய வண்டி, அதே காற்றுக்கு இப்போது 4 சதவீதம் போலக் கூடுதல் பெட்ரோல் விட்டாக வேண்டும். டிரிம்மில் பிளஸ் 4, 5 பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிளஸ் 20-க்கு எத்தனாலைக் காரணம் சொல்வதும் தவறு.

டிரிம்மை ஐடிலிங்கில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 20, 2500-ல் பிளஸ் 5 என்றால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் அதே ஓட்டைக் காற்று கடலில் கரைத்த பெருங்காயம். ஐடிலிங்கில் சரி, ரேஸ் கொடுக்கக் கொடுக்க பிளஸ் ஏறுகிறது என்றால் பம்ப் அல்லது ஃபில்டரில் பெட்ரோல் தட்டுப்பாடு. இரண்டிலும் பெரிய மைனஸ் என்றால் இன்ஜெக்டர் ஒழுகல், திறந்தே கிடக்கும் பர்ஜ் வால்வு, அல்லது தவறாகச் சொல்லும் மேப் சென்சார்.

குடியாத்தத்தில் இருந்து ஒரு தம்பி 2014 மாடல் பெட்ரோல் கார் கொண்டுவந்தார். “ரெண்டு சென்சாரும் புதுசுண்ணா, ஒரிஜினல் பில் இருக்கு. ஆனா சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது” என்றார். ஐடிலிங்கில் டிரிம் பிளஸ் 22, 2500-ல் பிளஸ் 6. மேப் ஐடிலிங்கில் 48 காட்டியது. நல்ல என்ஜினில் 30-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கும். பிசிவி ஹோஸைக் கழற்றி வளைத்தபோது அடிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. புது ஹோஸ் போட்டதும் டிரிம் பிளஸ் 5-க்கு இறங்கியது. பாவம், கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

6. சென்சாரை வேண்டுமென்றே அசைத்துப் பாருங்கள்

வோல்ட் ஒரே இடத்தில் நின்றால் சென்சார் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கலவையே உண்மையில் அப்படி இருக்கலாம். நாமே கலவையை மாற்றி, சென்சார் கவனிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வோல்ட் 0.1-லேயே கிடந்தால், ஐடிலிங்கில் ஏர் இன்டேக் பக்கம் கார்புரேட்டர் க்ளீனரை ஒரு சின்னத் தெளிப்பு கொடுங்கள். நல்ல சென்சார் உடனே 0.8-க்கு மேல் எகிறும். எகிறினால் சென்சார் பிழைத்தது, என்ஜினில் காற்று அதிகம். எகிறாவிட்டால்தான் சென்சார் மேல் குற்றம். க்ளீனர் தீப்பிடிக்கும் பொருள், எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது.

0.9-லேயே கிடந்தால், இன்டேக்கில் இருந்து வரும் ஒரு சின்ன வேக்கம் ஹோஸைக் கழற்றிக் காற்று விடுங்கள். வோல்ட் சட்டென்று 0.2-க்குக் கீழே விழ வேண்டும். ஆடி அசைந்து இரண்டு மூன்று விநாடி கழித்து விழுந்தால் சென்சார் கிழடாகிவிட்டது. பி0133 கோட் வருவது இப்படித்தான்.

7. ஹீட்டர்

ஹீட்டர் கோட் வந்திருந்தால் மட்டும் இது. முதலில் ஃப்யூஸ். பிறகு கப்ளரைக் கழற்றி, என்ஜின் ஓடும்போது வண்டிப் பக்க கப்ளரில் ஹீட்டர் வயருக்கு பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பழுது வயரிங்கில். வந்தால் சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயருக்கு நடுவில் ஓம் அளவு பாருங்கள். ஆறிய சென்சாரில் பொதுவாகச் சில ஓம் முதல் 15 ஓம் வரை இருக்கும். முடிவில்லாத ஓம் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

அளவெடுக்க வயரின் தோலில் ஊசி குத்தாதீர்கள். கப்ளரின் பின்பக்கம் குண்டூசி நுழைத்து எடுங்கள். இந்த சென்சார்கள் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சுத்தமான காற்று வயரின் உள்ளே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் வருகிறது. வயரில் ஈயம் பற்றவைப்பதும் கப்ளரில் கிரீஸ் அப்புவதும் தவறு என்பது இதனால்தான்.

8. கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்

சாவியை அணைத்து முன் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு, காகிதப்பட்டறை வரை ஒரு சுற்று போய் வாருங்கள். சென்சார் இல்லை என்று தெரிந்ததும் ஈசியூ தன் சொந்தக் கணக்குக்குப் போய்விடும். லைட் எரியும், எரியட்டும்.

கப்ளர் இல்லாமல் வண்டி நிற்காமல் ஓடினால், சென்சாரோ அதன் வயரோ தவறான தகவல் கொடுத்து பெட்ரோலைக் குறைத்தோ கூட்டியோ வந்திருக்கிறது. ஹீட்டர் வயரின் வோல்ட் சிக்னல் வயரில் கசிந்தால் இப்படி நடக்கும்: எப்போதும் ‘பெட்ரோல் அதிகம்’ என்ற சேதியே போய், ஈசியூ குறைத்துக் குறைத்துக் கடைசியில் என்ஜின் பட்டினியில் அணையும். கப்ளரைக் கழற்றியும் அதே மாதிரி நின்றால் சென்சாரை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பழகுநர்கள் தாண்டிப் போகிற சோதனை இது. காசு செலவில்லாதது என்பதாலோ என்னவோ.

9. சென்சார் சரி, வண்டி இன்னும் நிற்கிறது

த்ராட்டில் பாடி: தட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐடிலிங் காற்று குறையும். கழற்றித் துடையுங்கள். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி போட்ட நிலையில் தட்டை விரலால் தள்ளாதீர்கள்; பல்சக்கரம் உடையும், விரலும் நசுங்கும்.

பர்ஜ் வால்வு: கப்ளரைக் கழற்றிவிட்டு ஊதிப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது காற்று போகக் கூடாது. போனால் டேங்க் ஆவி எப்போதும் என்ஜினுக்குள் வந்துகொண்டே இருக்கிறது.

கிராங்க் சென்சார்: வண்டி நின்ற அந்த இடத்திலேயே ஸ்கேனரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். என்ஜின் சுற்றும்போது திரையில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் சென்சார் அல்லது அதன் வயர். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். மே மாதத்தில் மட்டும் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் நிற்கும் வண்டியை மழைக்காலத்தில் கொண்டுவந்து காட்டிப் பயனில்லை.

பம்ப்: பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். பம்பின் ரிலேவைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும் அளவுக்கு இருந்தால் மாற்றுங்கள்.

10. மாற்றியே ஆக வேண்டும் என்றால்

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் கழற்றுங்கள். முழுக்க ஆறிய மரை இறுகும், முழுச் சூட்டில் கை வேகும். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கட்டாயப்படுத்தினால் மரை பிய்ந்து வரும்; பிறகு லேத் கடைக்குத்தான் அலைய வேண்டும்.

பழைய சென்சாரின் நுனியைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளைப் பொடி என்றால் சிலிக்கான் பசை அல்லது கூலன்ட் எரிந்து வந்திருக்கலாம். இந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதுசைப் போட்டால் அதுவும் கெடும்.

வண்டிக்கு உரிய பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று வயர் வெட்டி ஒட்டச் சொல்லும் சென்சாரை நான் போடுவதில்லை. புது மரையில் பெரும்பாலும் பூச்சு இருக்கும். இல்லாவிட்டால் மட்டும் ஆன்டி-சீஸ் பேஸ்ட், அதுவும் மரையில் மட்டும். நுனியில் பட்டால் சென்சார் வீண். கீழே விழுந்த சென்சாரையும் போடாதீர்கள், உள்ளே பீங்கான்.

11. முடித்த பிறகு

இப்போது கோடை அழியுங்கள். பேட்டரியைக் கழற்றி அழிக்க வேண்டாம். ஐடிலிங் பற்றி ஈசியூ கற்றதும் சேர்ந்து போய், சரியான வண்டியே ஒரு நாள் திணறும், நீங்கள் பழுது தீரவில்லை என்று நினைப்பீர்கள். த்ராட்டில் பாடியைத் துடைத்திருந்தால் கையேட்டில் சொன்னபடி ஐடில் ரீலேர்ன் (ஐடிலிங்கை ஈசியூவுக்கு மறுபடி கற்பிப்பது) செய்யுங்கள்.

பிறகு பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புங்கள். ஹைவேயில் ஒரே வேகம், சத்துவாச்சாரியில் நின்று நின்று ஓட்டம், கடைசியில் ஏசி போட்டுப் பத்து நிமிட ஐடிலிங். மூன்றிலும் டிரிம்மை எழுதி, தேதி போட்டு வண்டியிலேயே வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே எண்களை மறுபடி எடுங்கள். பிளஸ் 5 ஆக இருந்தது பிளஸ் 12 ஆகியிருந்தால், லைட் எரிவதற்குக் காத்திருக்காமல் நான்காம் படியில் இருந்து ஹோஸ் தேடலை ஆரம்பித்துவிடலாம்.